பல்லுள்ள மீனுக்கு எந்த நரம்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம் முகத்துவாரத்திலும், புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகப் பக்கமும், கரையோரக் கிராமங்களின் தூண்டில் வளைவு எனப்படும் அலைத்தடுப்புக் கற்களின் மேலும் மாலை நேரத்தில் தூண்டிலோடு நிற்பவர்கள் இப்போது அதிகம். நல்ல ராடு, நல்ல ரீல், விலை கொடுத்து வாங்கிய பிரெய்டு நரம்பு (பல இழை பின்னிய தூண்டில் நூல்) எல்லாம் கையில் இருக்கின்றன. ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் காதில் விழுவது ஒரே பேச்சுதான்: "பெருசா அடிச்சுது, அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு." அடுத்த வாரம் இன்னும் தடித்த நரம்போடு வருகிறார்கள். அதையும் மீன் அறுத்துக்கொண்டு போகிறது. இந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. வாயில் தூண்டில் முள்ளோடும் பின்னால் இழுபடும் நரம்போடும் போன மீனை எண்ணிப் பார்த்தால், தவிர்த்தே ஆக வேண்டியது என்றும் சொல்லலாம். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறோம். இடம் கொடுத்து வெளியிட வேண்டுகிறோம்.

முதலில், அறுந்த நுனியைத் தூக்கி எறியாமல் கையில் எடுத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்பது அதிலேயே எழுதியிருக்கும். நுனி சாய்வாக, பிளேடால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால் அது பல்லின் வேலை. நுனிக்கு மேலே ஓரடி, இரண்டடி தூரம் நரம்பு வெளுத்துச் சொரசொரவென்று இருந்தால் கல்லிலோ மட்டியிலோ உரசியிருக்கிறது. நுனி பன்றி வால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவிவிட்டது. இழுபட்டு மெலிந்து முறிந்திருந்தால் மட்டும்தான் நரம்பின் பலம் போதவில்லை என்று பொருள். நான்கில் இந்த ஒன்றுக்குத்தான் தடித்த நரம்பு மருந்து. மற்ற மூன்றுக்கும் தடித்த நரம்பை மாட்டிக்கொண்டே போவது காய்ச்சலுக்குக் கண் சொட்டு மருந்து விடுவது போன்றது.

ரீல் நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டும் துண்டை லீடர் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. கல், சிப்பி, மீனின் செதில், செவுள் ஆகியவற்றில் உரசினாலும் தாங்குவது ஒன்று. பல் வெட்டும்போது தாங்குவது இன்னொன்று. முதல் வேலைக்கு ஒன்றரை மீட்டர் நீளமாவது வேண்டும். அதை மோனோ எனப்படும் ஒற்றை இழை நைலான் தங்கூசியோ, ஃபுளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் இழையோ செய்யும். இரண்டாவது வேலைக்கு பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு சாண் நீளம் போதும். ஆனால் அது உலோகமாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பொருளால் முடிக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு. முழு லீடரையும் கம்பியில் போட்டால் இரை உயிரோடு நீந்துவதுபோல் அசையாது. கண் நல்ல மீன் கிட்டவே வராது. முழுவதையும் தங்கூசியில் போட்டால் வஞ்சிரத்தின் ஒரு கடிக்குத் தாங்காது.

எந்தப் பொருள் என்பதை மீனின் எடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாயை வைத்து முடிவு செய்யுங்கள். நம் கரையில் தூண்டிலுக்கு வரும் மீன்களின் பல் ஒவ்வொன்றும் ஒருவிதம். வஞ்சிரத்தின் பற்கள் முக்கோணமாக, பக்கவாட்டில் தட்டையாக, விளிம்பு கூராக ஒரே வரிசையில் நிற்கும். தாடை மூடினால் கத்தரிக்கோல் மூடியதற்குச் சமம். மூன்று கிலோ வஞ்சிரமும் கையளவு மத்தியை நடுவில் வெட்டி வால் துண்டைத் தனியாகக் கொண்டுபோவது அதனால்தான். சீலாவின் பற்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது; நீண்ட கோரைப் பற்களும் சிறிய பற்களும் கலந்திருக்கும். அது குத்தியும் வெட்டும், கிழித்தும் வெட்டும். வாளைக்கு மேல்தாடையின் முன்னால் கொக்கிபோல் வளைந்த கோரைப் பற்கள் உண்டு. ஆள் மெலிந்தவன் என்று நினைத்து மெல்லிய தங்கூசி போட்டால் அடுத்தடுத்து மூன்று முள் போகும். முள்ளுவாளையும் அப்படியே. கடல் விலாங்கு வாய்க்குள் நரம்பைக் கவ்வியபடி உடம்பையே முறுக்கும். பேத்தைக்குத் தனிப் பல்லே கிடையாது. நான்கு தகடுகளாக ஒட்டிப்போன அலகுதான். அது நரம்பைக் கொறித்தே துண்டாக்கும். மெல்லிய முள்ளையும் நசுக்கிவிடும். பேத்தை முகத்துவாரத்தில் நிறையக் கிடக்கும் இடத்தில் கம்பி போட்டு அதைப் பிடிப்பதைவிட இடத்தை மாற்றுவது நல்லது. அதை உண்ணவும் கூடாது; அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

இந்தப் பட்டியலில் கொடுவாவைச் சேர்க்காதீர்கள். கொடுவாவுக்கு வெட்டும் பல் இல்லை. உள்ளே தேய்ப்புத்தாள்போலப் பொடிப் பற்கள்தான்; நரம்பைக் கெடுப்பது அந்தச் சொரசொரப்பும், செவுள் மூடியின் கூரிய விளிம்பும். 40 முதல் 60 பவுண்டு வரை (அறாமல் தாங்கும் எடை) கொண்ட தங்கூசியோ ஃபுளோரோகார்பனோ அதற்குப் போதும். பாறை மீனுக்கும் அதுவே. இன்னும் சற்றுத் தடிப்பாக, 80 பவுண்டு வரை போகலாம். உப்பனாற்றிலும் சுண்ணாம்பாற்றிலும் கொடுவாவுக்காக நிற்பவர்கள் கம்பி கட்டியிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மணிக்கணக்காக நின்றும் மீன் தொடாததற்கு அந்தக் கம்பியே காரணமாக இருக்கலாம்.

ஃபுளோரோகார்பன் பற்றிக் கடைகளில் சொல்லப்படும் ஒரு பேச்சை இங்கே திருத்தியாக வேண்டும். "இது கடிக்குத் தாங்கும்" என்கிறார்கள். உண்மையில் அதன் சிறப்பு வேறு. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பனுடையது 1.42, நைலான் தங்கூசியுடையது சுமார் 1.53. தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் தெளிந்த நீரில் கண்ணுக்குக் குறைவாகத் தெரிகிறது. அடர்த்தி 1.78, நைலானுக்கு 1.14. அதனால் சீக்கிரம் அமிழும். நைலான் தண்ணீரை உறிஞ்சி இளகும், இது உறிஞ்சாது. மேற்பரப்பு கடினம் என்பதால் கல்லில் உரசினால் நைலானைவிடத் தாக்குப்பிடிக்கும். இத்தனையும் உண்மை. ஆனால் இழுத்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இழையின் மேல் வஞ்சிரத்தின் பல் விளிம்பு பட்டால், அது நைலானா ஃபுளோரோவா என்று பார்க்காது. 80 பவுண்டு, 100 பவுண்டு என்று ஏறத்தாழ ஒரு மி.மீ. தடிமனுக்குப் போனால் சிறிய சீலாவிடம் சில கடிகள் தாங்கும். வஞ்சிரத்திடம் தாங்குமா என்பது முள் எங்கே ஏறியது என்பதைப் பொறுத்த குருட்டு அதிர்ஷ்டம். அதே தடிமன், இரையின் அசைவையும் கெடுத்துவிடும். மெல்லிய கம்பி அதைவிட எவ்வளவோ மேல்.

எனவே, பல்லுக்குக் கம்பிதான். கம்பியிலும் மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு.

ஒற்றை இழை துருப்பிடிக்காத எஃகுக் கம்பிதான் வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் முதல் தேர்வு. ஒரே பலத்துக்கு இதுதான் மிக மெல்லியது, விலையும் குறைவு. எண் கொண்டு விற்பார்கள்: 4-ஆம் எண் 0.33 மி.மீ. தடிமன், சுமார் 40 பவுண்டு தாங்கும். 6-ஆம் எண் 0.41 மி.மீ., சுமார் 60 பவுண்டு. 9-ஆம் எண் 0.56 மி.மீ., சுமார் 105 பவுண்டு. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பலம் கொஞ்சம் மாறும், தடிமன் பெரும்பாலும் மாறாது. ஆகவே தடிமனைக் கேட்டு வாங்குங்கள். கரையிலிருந்து வீசுபவர்களுக்கு 4-ஆம் எண் போதும். ஃபைபர் படகில் போய் இழுத்துப் பிடிப்பவர்களுக்கு 6 அல்லது 7. பளபளக்கும் கம்பியைவிடப் பழுப்பு நிறம் ஏற்றிய கம்பி நல்லது. வெயிலில் மின்னும் கம்பியையே வஞ்சிரம் கடிக்க வருவதுண்டு.

இந்தக் கம்பியில் முடிச்சுப் போட முடியாது, முறுக்க வேண்டும். ஹேவயர் முறுக்கு என்பார்கள். சரியாகச் செய்தால் கம்பியின் முழுப் பலத்துக்கு ஏறக்குறைய நிற்கும். தப்பாகச் செய்தால் இரண்டு கிலோ மீன்கூட உருவிக்கொண்டு போகும். கம்பியை முள்ளின் காது வழியே விட்டு ஏழு, எட்டு செ.மீ. வால் விட்டு மடியுங்கள். மடிந்த இடத்தில் சிறு வளையம் விட்டு, அதைக் குறட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்பிகளையும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக, பெருக்கல் குறிபோல் விரித்து வைத்து, இரண்டும் ஒன்றையொன்று சுற்றும்படி நான்கைந்து முறுக்குப் போடுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நேர்க்கம்பி நீட்டியபடி இருக்க, வால் மட்டும் அதைச் சுற்றி வருவது முறுக்கு அல்ல, சுற்று; இழுவையில் அது நழுவும். இரண்டு கம்பியும் சமமாக வளைந்து பின்னியிருக்க வேண்டும். அதன் பிறகு வாலை நேர்க்கம்பிக்குச் செங்குத்தாகத் திருப்பி, ஸ்பிரிங்போல இடைவெளி இல்லாமல் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். முன்னது பலத்துக்கு, பின்னது முறுக்கு பிரியாமல் பூட்டுவதற்கு. கடைசியில் மிஞ்சிய வாலைக் குறட்டால் வெட்டாதீர்கள். அதைக் கைப்பிடிபோல மடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றின் ஓரத்திலேயே சுத்தமாக ஒடியும். வெட்டினால் ஊசிமுனை ஒன்று நிற்கும். மீனைத் தூக்கும்போது அது உள்ளங்கையைக் கிழிக்கும், கடல்பாசியையும் அள்ளிக்கொண்டு வரும்.

ஒற்றைக் கம்பியின் எதிரி மடிப்பு. கம்பி ஒரு முறை கூர்மையாக மடிந்துவிட்டால், நிமிர்த்தி வைத்தாலும் அந்த இடம் செத்த இடம்தான். அடுத்த இழுவையில் அங்கேதான் ஒடியும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கம்பியை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். லேசான சுருள் என்றால் பரவாயில்லை. முனைபோல் தட்டுப்பட்டால் தயங்காமல் மாற்றுங்கள். வெட்டி எறியும் கம்பியின் விலை ஒரு டீக்காசுகூட இருக்காது. வீட்டிலேயே பத்துக் கம்பி கட்டி, ஒவ்வொன்றையும் அகலமான வளையமாகச் சுருட்டிச் சிறு பைகளில் போட்டுக்கொண்டு போவது நல்ல பழக்கம். காற்றில் பாறை மேல் நின்றுகொண்டு முறுக்கியது ஒருபோதும் ஒழுங்காக வராது.

இரண்டாவது, பல இழைக் கம்பி. ஏழு இழை முறுக்கியது ஒன்று. ஏழேழாக நாற்பத்தொன்பது இழை முறுக்கியது இன்னொன்று. பின்னது நூல்போல் வளையும், எளிதில் மடிப்பு விழாது. ஆனால் ஒவ்வோர் இழையும் மிக மெல்லியது என்பதால் வஞ்சிரத்தின் பல் ஒவ்வொன்றாக அறுக்கும். ஒரு மீன் பிடித்த பிறகு கம்பியில் இழை பிய்ந்து மீசைபோல் நீட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கம்பியின் ஆயுள் முடிந்தது. உயிர் இரை போட்டு மிதக்கவிடுவதற்கும், கடல் விலாங்குக்கும் சுறாவுக்கும் இது பொருத்தம். உடம்பை முறுக்கும் மீன் ஒற்றைக் கம்பியைச் சுருட்டி ஒடித்துவிடும், இது வளைந்து கொடுக்கும்.

பல இழைக் கம்பியைக் குழாய்த் துண்டு போட்டு நசுக்கித்தான் இணைக்க வேண்டும். கிரிம்ப் என்று கடையில் கேளுங்கள். செம்புக் கிரிம்ப் வாங்குங்கள். அலுமினியக் கிரிம்ப் தங்கூசிக்கு உரியது. உப்புத் தண்ணீரில் எஃகும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துப் போகும். வெளியே நன்றாகத் தெரிவது, உள்ளே மாவாகியிருக்கும். நசுக்குவதற்கு அதற்கென்றே உள்ள, குழிவான தாடை கொண்ட குறடுதான் வேண்டும். சாதாரணக் கட்டிங் பிளேயரின் பல்லால் நசுக்கினால் உள்ளிருக்கும் இழைகள் வெட்டுப்படும். குழாயின் நடுப்பகுதியை மட்டும் அழுத்துங்கள். இரண்டு ஓரங்களும் லேசாக விரிந்தே இருக்கட்டும். ஓரம் இறுகினால் அதுவே கத்தியாகிக் கம்பியை அங்கே அறுக்கும். வால் இரண்டு மி.மீ. வெளியே நீட்டியிருக்க வேண்டும்.

நைலான் பூசிய கம்பி பார்க்க அழகு, கைக்கும் இதம். ஆனால் நம் ஊர் உப்புக்காற்றுக்கு அது நாள்பட நிற்காது. மீன் கடித்த இடத்தில் பூச்சு கிழிந்து தண்ணீர் உள்ளே புகும். வெளியே காய்ந்துவிடும், உள்ளே ஈரம் காயாது. அடுத்த வாரம் பார்த்தால் பூச்சுக்கு அடியில் பழுப்பு நிறம் ஓடியிருக்கும். அதை ஒரு நாள் கம்பியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய ரகத்தில் கிரிம்ப் இல்லாமல், எட்டுப் பத்து முறுக்குப் போட்டு லைட்டர் தீயில் லேசாகக் காட்டிப் பூச்சை உருக்கி ஒட்ட வைக்கலாம். பூச்சு பளபளவென்று உருகியதும் தீயை எடுத்துவிட வேண்டும். கறுக்கும் வரை காட்டினால் பூச்சும் போகும், கம்பியின் முறுக்கேறிய பலமும் போகும்.

மூன்றாவது டைட்டானியம் கம்பி. நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். துருப்பிடிக்காது, மடிந்தாலும் நிமிர்ந்துகொள்ளும், ரப்பர்போல் கொஞ்சம் இழுபடவும் செய்யும். ஒன்றைக் கட்டினால் பல மீனுக்கு வரும். விலைதான் அதிகம். ஹேவயர் முறுக்கு இதில் நிற்காது. முறுக்க முறுக்கப் பிரிந்துவிடும். கிரிம்போ, மெல்லிய ரகத்தில் முடிச்சோதான் போட வேண்டும்.

இவை கிடைக்காதபோது ஹார்டுவேர் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. கட்டடத்துக்குக் கம்பி கட்டும் கட்டுக்கம்பி சூடேற்றி இளக்கியது. கையால் வளைப்பதற்கென்றே செய்தது. பெரிய மீன் இழுத்தால் நீண்டு முறியும். வண்டியின் கிளட்ச் கேபிளைப் பிரித்து எடுத்த இழை பலமானதுதான். ஆனால் துத்தநாகப் பூச்சு போனதும் ஒரே இரவில் துருவேறும். கித்தாரின் மெல்லிய தந்திக் கம்பியும் அப்படியே. உயர்கார்பன் எஃகு, ஒரு மாலைக்கு வேலை செய்யும், மறுநாள் பையில் இருந்தபடியே ஒடியும். அவசரத்துக்குத் தந்திக் கம்பியைப் போட்டால் அன்றே கழற்றி எறியுங்கள். கட்டுக்கம்பியை எந்த அவசரத்துக்கும் போடாதீர்கள்.

கம்பியின் நீளமும் அதை நரம்போடு சேர்க்கும் விதமும் பொருளுக்குச் சமமாக முக்கியம். வீசிப் பிடிக்கும் ஸ்பூன், லூர் போன்ற செயற்கை இரைகளுக்கு 15 முதல் 20 செ.மீ. கம்பி போதும். படகில் இழுக்கும்போது 30 முதல் 45 செ.மீ. வரை போகலாம், ஓடும் இரையை மீன் பின்னாலிருந்து பாய்ந்து விழுங்கும்போது வாய் முன்னே ஏறி வந்துவிடும். கம்பிக்கும் லீடருக்கும் நடுவில் ஸ்விவல் எனப்படும் சுழலும் இணைப்பு வளையம் போடுவது வழக்கம். சிறியதாக, கறுப்பு நிறத்தில் போடுங்கள். மஞ்சள் பித்தளை ஸ்விவல் பெரிதாக இருந்தால் தண்ணீரில் மின்னிக்கொண்டு, நுரைக்குமிழியையும் இழுத்துக்கொண்டு ஓடும். கூட்டமாக வரும் வஞ்சிரத்தில் ஒன்று இரையைக் கவ்வ, இன்னொன்று அந்தப் பளபளப்பைச் சிறு மீன் என்று எண்ணிக் கடித்துவிடும். கம்பிக்கு மேலே வெட்டுப்பட்ட நரம்பு பெரும்பாலும் இந்த வகைதான். தெளிந்த நீரில் ஸ்விவலே வேண்டாம். கம்பியின் மேல்முனையில் ஹேவயர் முறுக்கால் நீண்ட குறுகிய வளையம் செய்து, அதன் மேல் 40 அல்லது 50 பவுண்டு லீடரை ஆல்பிரைட் முடிச்சில் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்டினால் ஒன்றும் மின்னாது. லீடரின் மறுமுனையைப் பிரெய்டோடு எஃப்ஜி எனப்படும் மெல்லிய பின்னல் முடிச்சில் சேர்த்தால் ராடின் வளையங்களில் தடையில்லாமல் ஓடும். லூரின் காதில் கம்பியை இறுக்கி முறுக்காமல் தளர்ந்த வளையமாக விட வேண்டும். இல்லாவிட்டால் சிறிய லூர் ஆடாமல் கட்டைபோல் வரும்.

நீரின் நிறத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்பெண்ணையும் கெடிலமும் செம்மண் நீரைக் கொண்டுவந்து கொட்டும்போது கம்பி தெரிவதைப் பற்றிக் கவலையே வேண்டாம், தடிப்பாகப் போடலாம். தை கழிந்து மாசி, பங்குனியில் கடல் பச்சையாகத் தெளியும்போதுதான் தேர்வு கடினமாகிறது. அப்போது 4-ஆம் எண்ணுக்கு இறங்கி, நீளத்தைக் குறைத்து, வெயில் ஏறுவதற்குள்ளும் பொழுது சாய்ந்த பின்னும் போடுவது பலன் தரும். கம்பியைக் கழற்றிவிட்டு ஃபுளோரோவில் மட்டும் போட்டால் கடி கூடும் என்பது உண்மைதான். ஆனால் கடித்ததில் எத்தனை கரைக்கு வரும், எத்தனை முள்ளோடு போகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வஞ்சிரம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் கம்பி இல்லாமல் போடுவது சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

செத்த மத்தியோ கவலை மீனோ கோத்து வஞ்சிரத்துக்குப் போடுபவர்கள் இரண்டு முள் கட்ட வேண்டும். மீன் முதலில் வாலை வெட்டும் என்பதால் ஒற்றை முள் பெரும்பாலும் தலையோடு மட்டும் திரும்பி வரும். 15 செ.மீ. இரைக்கு மூக்கில் 4/0 அளவு முள்ளும், அதிலிருந்து ஏழெட்டு செ.மீ. கம்பி விட்டு முதுகின் பின்பகுதியில் சிறிய முள்ளும் வையுங்கள். இழுவை முழுக்க மூக்கு முள்ளில் இருக்க வேண்டும். இடைக்கம்பி கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும். அது இறுகினால் இரை வளைந்து பம்பரம்போல் சுழலும். சுழலும் இரையை வஞ்சிரம் தொடாது, நரம்பும் முறுக்கேறிக் கெடும். கம்பி இருக்கிறதே என்று ரீலின் பிரேக்கை இறுக்கவும் வேண்டாம். 30 பவுண்டு பிரெய்டுக்கு மூன்று கிலோ இழுவையில் நரம்பு ஓடும்படி வைத்தால் போதும். முதல் ஓட்டத்தில் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தால் மெல்லிய வாய்ச்சதை கிழிந்து முள் வெளியே வந்துவிடும்.

வாளைக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. மிக மெல்லிய பல இழைக் கம்பி பத்து செ.மீ., நீண்ட தண்டுள்ள முள், சிறு மீனின் துண்டு. இருட்டிய பின் மேல்தண்ணீரில் விளக்கு வெளிச்சத்தின் ஓரம் போட்டால் போதும்.

சுறாவுக்கு மட்டும் வேறு கணக்கு. அதன் பல்லைப் போலவே தோலும் அறுக்கும். வாலால் அடிக்கும்போது நரம்பு உடம்பின் மேல் உரசும். கம்பிக்கு மேலே மீனின் நீளத்துக்குக் குறையாமல் தடித்த தங்கூசி வேண்டும். முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள் போட்டால் பெரும்பாலும் தாடை ஓரத்தில் ஏறும். கம்பி பல்லுக்கு நடுவே போகாது, விடுவிக்கவும் எளிது. திமிங்கலச் சுறாவும், ரம்பம்போல் மூக்குள்ள வேளாவும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. வேறு சில சுறா, திருக்கை இனங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. எது என்று அடையாளம் தெரியாத பெரிய சுறா மாட்டினால், கரைக்கு இழுத்துப் போட்டுப் படம் எடுக்காமல் தண்ணீரிலேயே கம்பியை முள்ளுக்கு அருகில் வெட்டி விட்டுவிடுங்கள். அதற்காகவே கம்பி வெட்டும் நல்ல குறடு ஒன்று பையில் எப்போதும் இருக்க வேண்டும்.

கையைப் பற்றி இரண்டு வார்த்தை. கைத்தூண்டில் பழக்கத்தில் நரம்பைக் கையில் சுற்றி இழுப்பவர்கள் கம்பியையும் அப்படியே சுற்றிவிடுகிறார்கள். ஐந்து கிலோ வஞ்சிரம் படகோரத்தில் ஒரு முறை திரும்பினால் கம்பி எலும்பு வரை இறங்கும். கம்பியைக் கையுறை போட்டுப் பிடியுங்கள், ஒருபோதும் சுற்றாதீர்கள். மீன் படகில் விழுந்து அசையாமல் கிடந்தாலும் அதன் தாடை இன்னும் மூடும். நீண்ட மூக்குக் குறடு இல்லாமல் முள்ளை எடுக்க விரலை வாய்க்குள் விடாதீர்கள்.

முள் வாங்கும்போது துருப்பிடிக்காத எஃகு முள்ளைத் தவிர்த்து, பூச்சுப் போட்ட கார்பன் எஃகு முள்ளைக் கேளுங்கள். கம்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சில மீன் அறுத்துக்கொண்டு போகத்தான் செய்யும். கார்பன் எஃகு முள் உப்புத் தண்ணீரில் நாளடைவில் அரித்து விழும். மற்றது மீனின் வாயிலேயே கிடக்கும். அதேபோல், முழு அமைப்பிலும் எங்கே அறும் என்பதை நாமே தீர்மானித்து வைக்க வேண்டும். பிரெய்டு 30 பவுண்டு, லீடர் 50 என்றால், பெரும்பாலும் பிரெய்டும் லீடரும் சேரும் முடிச்சில் அறும். மீனோடு ஒன்றரை மீட்டர்தான் போகும். மெல்லிய பழைய பிரெய்டில் தடித்த கம்பியைக் கட்டினால் ரீலுக்கு அருகில் அறுந்து ஐம்பது மீட்டர் நரம்பு மீனின் பின்னால் இழுபடும். நம் கரையில் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. கடலில் அலையும் அந்த நரம்பு அவற்றின் துடுப்பில் சுற்றிக்கொண்டால் தானாக அவிழாது.

கடலூர், புதுச்சேரித் தூண்டில் கடைக்காரர்களுக்குத் தங்கள் நாளிதழ் மூலம் ஒரு வேண்டுகோள். பொட்டலத்தில் பவுண்டு எண்ணை மட்டும் காட்டி விற்காமல், கம்பியின் எண்ணையும் மி.மீ. தடிமனையும் எழுதி ஒட்டுங்கள். பத்து மீட்டர்ச் சுருளைப் பிரித்து இரண்டு மீட்டர் கேட்டாலும் கொடுங்கள். செம்புக் கிரிம்பையும் அலுமினியக் கிரிம்பையும் ஒரே டப்பாவில் கலந்து வைக்காதீர்கள். தூண்டில் போடுபவர்களுக்கு: கடற்கரையில் குழந்தைகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். மடிந்த கம்பி, ஒடிந்த வால், துரு ஏறிய முள் எதையும் மணலிலோ கற்களின் இடுக்கிலோ விடாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் போட்டு வைத்து, நிறைந்ததும் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தூண்டில் மீன்பிடிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்,
கடலூர் முதுநகர்.